பிறக்க முதலே காலாவதியான பக்கங்கள்

1981 நவம்பர் 19, வியாழக்கிழமை, கிரீன்விச் நேரப்படி காலை 8.52. அன்றைக்கு உலகத்தில் ஒரு இணையப் பக்கம்கூட இருக்கவில்லை. முதலாவது பக்கம் வர இன்னும் ஒன்பது வருடம் கிடந்தது. ஆனால் இன்று நாங்கள் லொகின் செய்து பார்க்கிற கனக்கப் பக்கங்கள், தாங்கள் அந்த வியாழக்கிழமையே காலாவதியாகிவிட்டதாக எங்கள் பிரவுசருக்குச் சொல்லிக்கொண்டுதான் வருகின்றன. பி.எச்.பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட தளம் ஒன்று, வந்தவர் யார் என்று நினைவு வைக்கத் தொடங்கியவுடனே, வேறு கட்டளை கொடுக்காவிட்டால் இந்தத் திகதியைத்தான் தானாகவே அனுப்பும். எங்கள் கண்ணுக்கு அது தெரியாது. பக்கத்துக்கு முன்னால் பிரவுசருக்கு மட்டும் வருகிற தலைப்பு வரிகளில் அது இருக்கும்.

பார்க்கப் பகிடி மாதிரித்தான் இருக்குது. ஆனால் அந்தத் திகதிக்குப் பின்னால் ஒரு முப்பது வருடச் சண்டை இருக்கிறது. ஒரு பக்கத்தை யார் வைத்திருக்கலாம், எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம், எப்போது திரும்பிக் கேட்க வேண்டும் என்ற சண்டை. இது கொம்பியூட்டர் படிக்கிறவர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. பொதுக் கணினி ஒன்றில் மின்னஞ்சல் பார்த்துவிட்டு எழும்பிப் போன எவருடைய பிரச்சினையும்தான்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவம். கேஷ் என்றால் இங்கே காசு இல்லை. ஒளித்துவைத்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அடிக்கடி தேவைப்படுகிறதைக் கைக்கெட்டிய தூரத்தில் ஒரு பிரதி எடுத்து வைத்தால் வேலை சுறுக்காக முடியும் என்பது பழைய யோசனை. 1965இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மோரிஸ் வில்க்ஸ் கணினி நினைவகத்துக்கு இந்த யோசனையை ஒரு சிறிய கட்டுரையாக எழுதினார். 1968இல் ஐ.பி.எம் தனது சிஸ்டம் 360 மொடல் 85 கணினியைப் பற்றி எழுதியபோது கேஷ் என்ற பெயர் அச்சில் நிலைத்தது. அதாவது இணையம் வருவதற்கு முதலே இந்தப் பழக்கம் கணினிக்குள் ஊறியிருந்தது.

1990 முடிவில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள சேர்ன் ஆய்வகத்தில் டிம் பேர்னர்ஸ்-லீ முதலாவது பிரவுசரையும் முதலாவது சேர்வரையும் இயக்கினார். அந்த வலை ஆவணங்களுக்காகச் செய்யப்பட்டது. ஆய்வுக் குறிப்பு, தொலைபேசிப் பட்டியல், கையேடு இப்படியானவை. யார் கேட்டாலும் அதே ஆவணம். காலமை கேட்டாலும் பின்னேரம் கேட்டாலும் அதே ஆவணம். பேக்கரியில் அடுக்கி வைத்த பாண் மாதிரி. எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. இப்படியான பக்கத்தை வழியில் யாராவது பிரதி எடுத்து வைத்தால் யாருக்கும் நட்டம் இல்லை. எல்லாருக்கும் இலாபம்தான்.

அந்த இலாபம் சின்ன விசயமும் இல்லை. 1990களில் கண்டங்களுக்கு இடையே இருந்த இணைப்புகள் ஒடுங்கியவை, விலை கூடியவை. 1994 மே மாதம் ஜெனீவாவில் நடந்த முதலாவது உலகளாவிய வலை மாநாட்டில் சேர்னைச் சேர்ந்த அரி லுவோட்டனனும் இன்டெல்லைச் சேர்ந்த கெவின் அல்டிஸும் புரோக்ஸி பற்றி ஒரு கட்டுரை வாசித்தார்கள். ஒரு நிறுவனத்தில் இருக்கிற எல்லாரும் ஒரே வாசலால் வலைக்குப் போவது. ஒருவர் எடுத்த பக்கத்தை அந்த வாசலிலேயே வைத்திருந்து அடுத்தவருக்குக் கொடுப்பது. அதே காலத்தில் அமெரிக்காவில் ஹார்வெஸ்ட் என்ற ஆய்வுத் திட்டம் நடந்தது. அதன் வழியில் வந்த ஸ்குவிட் என்ற மென்பொருள் இன்றைக்கும் பாவனையில் இருக்கிறது. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக ஒரு தேசியக் கேஷே நடத்தப்பட்டது. 1998இல் அங்கே அட்லாண்டிக் தாண்டி வருகிற ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் 2 பென்ஸ் கட்டணம் வைத்தார்கள். வழியில் ஒரு பிரதி இருந்தால் அந்தக் காசு மிச்சம். டேட்டா முடிஞ்சு போச்சு எண்டு மாசக் கடைசியில தவிக்கிற எங்களுக்கு இது நல்லாவே விளங்கும்.

ஆனால் அதற்குள்ளேயே பக்கங்களின் குணம் மாறத் தொடங்கியிருந்தது. 1993இல் அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ நிலையத்தில் சி.ஜி.ஐ என்ற முறை வந்தது. சேர்வர் ஒரு கோப்பை எடுத்துக் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு நிரலை ஓடவிட்டு, அந்த நேரத்தில் அது செய்து தருகிற பக்கத்தைக் கொடுக்கலாம். 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுலி குக்கியைச் செய்தார். அதோடு சேர்வருக்கு வந்தவர் யார் என்பது நினைவில் நின்றது. இனிமேல் பக்கம் பாண் இல்லை. கேட்ட பிறகு சுட்டுத் தாற அப்பம். உங்களுக்கு முட்டை அப்பம், பக்கத்திலிருப்பவருக்குப் பால் அப்பம்.

இங்கேதான் இரண்டு பயங்கள் பிறந்தன. இந்தக் கட்டுரை முழுக்க நாங்கள் சொல்ல நினைக்கிறதும் இதைத்தான். முதலாவது பயம், பக்கம் பழசாகிவிடும் என்பது. காலமை பார்த்த பங்குச் சந்தை விலையைப் பின்னேரமும் காட்டினால் அது பொய். இரண்டாவது பயம், பக்கம் வேறு ஒருவரின் கையில் போய்விடும் என்பது. என் கணக்கு விபரம் பக்கத்துக் கதிரைக்காரருக்குத் தெரிந்தால் அது பழசா புதுசா என்பது கதையே இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு நோய். ஆனால் இரண்டுக்கும் ஒரே மருந்தைத்தான் வலை தேடியது: "வைத்திருக்காதே."

1996 மே மாதம் வெளியான ஆர்.எஃப்.சி 1945 என்ற ஆவணம், அதுவரை வழக்கத்தில் இருந்த எச்.டி.டி.பி 1.0 விதிகளை எழுத்தில் வைத்தது. அதில் எக்ஸ்பயர்ஸ் என்ற தலைப்பு வரி இருந்தது. இந்தத் திகதிக்குப் பிறகு இந்தப் பக்கம் பழசு என்று சொல்வது அதன் வேலை. நல்ல யோசனைதான், ஆனால் அது சரியாக வேலை செய்ய அனுப்புகிறவரின் மணிக்கூடும் வாங்குகிறவரின் மணிக்கூடும் ஒன்றாக ஓட வேண்டும். வீட்டுக் கணினிகளின் மணிக்கூடு எப்படி ஓடும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் தளம் செய்கிறவர்கள் ஒரு குறுக்குவழி பிடித்தார்கள்: எந்த மணிக்கூடு எவ்வளவு பிழையாக ஓடினாலும் நிச்சயமாகக் கடந்துபோன ஒரு நாளைப் போடுவது. சிலர் 1997 ஜூலை 26 போட்டார்கள், பி.எச்.பி கையேட்டின் உதாரணத்தில் அந்த நாள் இருந்தது. சிலர் வெறும் பூச்சியம் போட்டார்கள். பூச்சியம் ஒரு திகதியே இல்லை. ஆனால் விதியே இப்படியான பிழையான பெறுமதி வந்தால் உடனே காலாவதி என்று எடுத்துக்கொள்ளச் சொன்னது. 1981 நவம்பர் 19 இந்தக் குடும்பத்தில் ஒருவர்தான்.

அதே ஆவணத்தில் பிராக்மா: நோ-கேஷ் என்ற இன்னொரு வரியும் இருந்தது. இது பிரவுசர் கேட்கும்போது சொல்வதற்காக வைக்கப்பட்டது: "வழியில் இருக்கிற பிரதியைத் தராதே, மூலத்திலிருந்து எடுத்து வா." சேர்வர் பதில் சொல்லும்போது இதைச் சொன்னால் என்ன பொருள் என்று விதி சொல்லவே இல்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான தளங்கள் பதிலில் அதைப் போட்டன. சில பிரவுசர்கள் மரியாதைக்கு அதைக் கேட்டும் நடந்தன. இதனால் அது வேலை செய்கிறது என்ற நம்பிக்கை பரவிவிட்டது.

1997 ஜனவரியில் எச்.டி.டி.பி 1.1 வந்தது. ரோய் ஃபீல்டிங், ஜிம் கெற்றிஸ், ஜெஃப் மோகல், ஹென்றிக் ஃபிரிஸ்டிக், டிம் பேர்னர்ஸ்-லீ ஆகியோர் எழுதியது. இதில்தான் கேஷ்-கொன்ட்ரோல் என்ற முழுமையான கட்டளைத் தொகுதி வந்தது. திகதிக்குப் பதிலாக இத்தனை செக்கன் மட்டும் என்று சொல்லலாம். மணிக்கூட்டுப் பிரச்சினை குறைந்தது. பிரைவேட் என்றால் அவரவரின் பிரவுசர் வைத்திருக்கலாம், பொது வாசலில் வைக்கக் கூடாது. நோ-ஸ்டோர் என்றால் எங்கேயும் வைக்காதே. அதாவது மேலே சொன்ன இரண்டு பயங்களும் முதல்முறையாகத் தனித்தனியாகப் பெயர் பெற்றன.

ஆனால் பெயர் வைத்ததில் ஒரு சிக்கல். நோ-கேஷ் என்ற கட்டளையை யார் வாசித்தாலும் "வைத்திருக்காதே" என்றுதான் விளங்குவார்கள். விதியின்படி அதன் பொருள் அது இல்லை. வைத்திருக்கலாம், ஆனால் மூலத்திடம் கேட்காமல் எடுத்துக் காட்டக் கூடாது என்பதே அதன் பொருள். கடைக்காரருக்குப் போன் எடுத்து "நேற்றைய விலைதானே?" எண்டு கேட்கிற மாதிரி. "ஓம், அதேதான்" எண்டு சொன்னால் பழைய பட்டியலே போதும். சேர்வர் 304 என்ற இலக்கத்தோடு அனுப்புகிற சின்னப் பதில் இந்த "ஓம், அதேதான்". முழுப் பக்கத்தையும் திரும்ப இறக்கத் தேவையில்லை. ஆகவே நோ-கேஷ் முதலாவது பயத்துக்கான மருந்து. நோ-ஸ்டோர் இரண்டாவதுக்கு. பெயரை மட்டும் பார்த்து மருந்து மாற்றிக் குடித்த தளங்கள் எத்தனையோ.

இந்தக் காலத்தில் மூன்றாவது ஒரு காரணமும் உள்ளே வந்தது. அது பயம் இல்லை, காசு. விளம்பரக்காரர்கள் எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று கணக்குக் கேட்டார்கள். நடுவில் இருக்கிற கேஷ் ஒரு பக்கத்தை நூறு பேருக்குக் கொடுத்தால் மூலத் தளத்துக்குத் தெரிவது ஒரே ஒரு வருகைதான். அதனால் மாறவே மாறாத பக்கங்களைக்கூட வைத்திருக்காதே என்று அறிவிக்கத் தொடங்கினார்கள். இன்னும் சிலர் ஒவ்வொரு முறையும் முகவரியின் வாலில் ஒரு புது எண்ணை ஒட்டினார்கள். முகவரி புதுசு என்றால் பழைய பிரதி உதவாது. 1997 ஒக்டோபரில் மோகலும் போல் லீச்சும் ஆர்.எஃப்.சி 2227 என்ற ஒரு வழியை முன்வைத்தார்கள்: கேஷ் தானே எண்ணிக்கையை மூலத்துக்கு அறிவிக்கட்டும், பக்கத்தை ஏன் தடுக்க வேண்டும்? அந்த யோசனை பரவலாகப் பிடிபடவில்லை. எண்ணிக்கை தளத்துக்கு, அதற்கான டேட்டாச் செலவு வாசிக்கிறவருக்கு. ஒடுங்கின இணைப்பின் கடைசியில் இருந்தவர்தான் கூடக் கட்டினார். இந்த வரலாற்றில் எங்களுக்குக் கொஞ்சம் கோபம் வருகிற இடம் இதுதான்.

விதி ஒரு பக்கம் இருக்க, நடைமுறை மந்திரம் மாதிரி வளர்ந்தது. பக்கத்தின் எச்.டி.எம்.எல் எழுத்துக்குள்ளேயே மெட்டா வரியாக நோ-கேஷ் எழுதினார்கள். நடுவில் இருக்கிற புரோக்ஸி எச்.டி.எம்.எல்லைத் திறந்து வாசிப்பதில்லை. கடிதத்துக்குள்ளே எழுதினதைத் தபால்காரன் வாசிப்பானா? இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சில வேளைகளில் அந்த வரியைக் கவனிக்காமலே பக்கத்தைச் சேமித்தது. அதற்கு மைக்ரோசொஃப்ட் சொன்ன பரிகாரம், பக்கத்தின் கடைசியில் இன்னொரு தலைப் பகுதி எழுதி அதற்குள் அதே வரியைத் திரும்பப் போடுவது. இரண்டு தலை உள்ள பக்கம்! அதே பிரவுசரின் 5ஆம் பதிப்புக்கென்று வந்த போஸ்ட்-செக், பிரீ-செக் என்ற இரண்டு கட்டளைகளைப் பூச்சியம் போட்டு எழுதுகிற பழக்கமும் அப்படித்தான். பொருள் தெரியாமலே ஆள் மாறி ஆள் பிரதி எடுத்தார்கள். பி.எச்.பிகூடப் பல வருடம் அவற்றைத் தன் வழமையான வரிகளில் அனுப்பியது. பிரதி எடுக்காதே என்று சொல்கிற வரிதான் வலையில் அதிகம் பிரதி எடுக்கப்பட்ட வரிகளில் ஒன்று.

இவ்வளவும் போட்டும் ஒரு இடத்தில் மட்டும் எல்லாரும் முட்டுப்பட்டார்கள்: பேக் பட்டன். எச்.டி.டி.பி 1.1 விதியில் இதைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. கேஷ் வேறு, வரலாறு வேறு என்று அது சொல்கிறது. பின்னால் போகும்போது பிரவுசர் காட்ட வேண்டியது இப்போதைய நிலையை இல்லை. அன்றைக்குப் பயனர் எதைப் பார்த்தாரோ அதை. கலைப்பீடத்தில் இருந்து வாசிக்கிற எங்களுக்கு இந்தப் பகுதி மிகப் பிடித்தது. ஆவணத்தைத் திருத்தாமல் அன்றைய வடிவிலேயே வைத்திரு என்பதுதானே வரலாறு படிக்கிறவர்களுக்கும் முதல் பாடம்? ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து வெளியே வந்த ஒருவருக்குப் பின்னால் அதே கதிரையில் இருப்பவர் பேக் பட்டனை அழுத்தும்போது, இந்த நேர்மை ஆபத்தாகிறது. 2005 நவம்பரில் வந்த ஃபயர்ஃபொக்ஸ் 1.5 பார்த்த பக்கத்தை அப்படியே உயிரோடு நினைவகத்தில் வைத்து உடனே திருப்பிக் காட்டியது. வேகம் கூடியது. நோ-ஸ்டோர் என்று சொன்ன பக்கத்தை மட்டும் அப்படி வைக்கவில்லை. சரியான சொல்லைத் தேர்ந்த தளங்கள் தப்பின.

பிழையான இடத்தில் பிரதி நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு சம்பவங்கள் போதும். 2005 மே மாதம் கூகிள் தனது வெப் அக்சிலரேட்டரை வெளியிட்டது. பயனர்களின் பக்கங்களைத் தனது கணினிகள் ஊடாக எடுத்துக் கொடுத்து வேகம் கூட்டுவதே அதன் வேலை. சில நாட்களுக்குள்ளேயே, தாங்கள் வேறு யாரோ ஒருவரின் பெயரில் லொகின் ஆகியிருப்பது போலப் பக்கங்கள் தெரிகின்றன என்று பயனர்கள் முறையிட்டார்கள். தளங்கள் சரியான வரி போடவில்லை என்றார்கள் ஒரு பகுதியினர். குக்கியோடு வந்த பக்கத்தை யாரைக் கேட்டு வைத்திருந்தீர்கள் என்றார்கள் மற்றவர்கள். 2008 ஜனவரியில் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது.

இரண்டாவது 2015 நத்தார் தினம். விளையாட்டு விற்கிற ஸ்டீம் தளத்தின் மீது பெரிய தாக்குதல் ஒன்று வந்தது. சுமையைத் தாங்க, வால்வ் நிறுவனத்துக்குக் கேஷ் சேவை வழங்கிய பங்காளி நிறுவனம் விதிகளை மாற்றியது. அந்த மாற்றம் லொகின் செய்தவர்களின் பக்கங்களையும் பொதுப் பக்கம் போலப் பதுக்கிவிட்டது. ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் சிலர் தங்கள் கணக்கைத் திறந்து அடுத்தவரின் விபரத்தைப் பார்த்தார்கள். வால்வ் பின்னர் வெளியிட்ட கணக்கின்படி பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் சுமார் 34,000 பேர். முகவரி, மின்னஞ்சல், வாங்கிய பொருட்களின் பட்டியல், அட்டையின் கடைசி இரண்டு இலக்கம் இப்படியானவை அந்தப் பக்கங்களில் இருந்தன. யாரும் பூட்டை உடைத்து உள்ளே போகவில்லை. பக்கம் தானாகவே பிழையான ஆளிடம் போனது.

2017இல் ஓமர் கில் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதை வேண்டுமென்றே செய்விக்கலாம் என்றும் காட்டினார். கணக்குப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் இல்லாத ஒரு சி.எஸ்.எஸ் கோப்பின் பெயரை ஒட்டி, அந்த இணைப்பை ஒருவரை அழுத்த வைத்தால் போதும். சேர்வர் அந்த வாலைக் கவனிக்காமல் கணக்குப் பக்கத்தையே கொடுக்கும். நடுவிலிருக்கிற கேஷ் வாலை மட்டும் பார்த்து, இது எல்லாருக்கும் பொதுவான கோப்பு என்று பதுக்கும். பிறகு அதே முகவரிக்குப் போகிற எவரும் அதைப் பார்க்கலாம். பேபாலில் இதைக் காட்டினார், அவர்கள் திருத்தினார்கள்.

இண்டைக்கு நிலைமை கொஞ்சம் வேறு. பெரும்பாலான தளங்கள் எச்.டி.டி.பி.எஸ்ஸுக்கு மாறிவிட்டன. அதனால் வழியிலிருக்கிற பழைய பொது வாசல்களால் பக்கத்தை வாசிக்கவே முடியாது. அவற்றின் இடத்தில், தளங்களே காசு கொடுத்து வைத்திருக்கிற பெரிய விநியோக வலையமைப்புகள் நிற்கின்றன. விதியின் இப்போதைய வடிவம் 2022 ஜூனில் வெளியான ஆர்.எஃப்.சி 9111. நோ-கேஷ், நோ-ஸ்டோர் இரண்டின் பொருளும் அதில் மேலே சொன்னதுதான். நோ-ஸ்டோர் தனிமையைக் காக்கப் போதுமான காவல் இல்லை என்பதையும் அந்த விதி தானே ஒத்துக்கொள்கிறது. ஏனெண்டால் இது பூட்டு இல்லை, வேண்டுகோள். கேட்கிற மனம் உள்ள மென்பொருள்தான் கேட்கும்.

தளம் செய்யப் பழகுகிற நண்பர்களுக்கு இந்த வரலாறு இரண்டு கேள்விகளைத் தருகிறது. இந்தப் பக்கம் பழசானால் பிரச்சினையா? அடுத்தவர் பார்த்தால் பிரச்சினையா? முதலாவதுக்கு ஓம் என்றால் நோ-கேஷ் போதும்; மாறாத பக்கத்தை ஒவ்வொரு முறையும் முழுதாக இறக்க வைத்து வாசிக்கிறவரின் டேட்டாவைத் தின்ன வேண்டாம். இரண்டாவதுக்கு ஓம் என்றால் நோ-ஸ்டோர், யோசிக்கவே வேண்டாம். இரண்டுக்கும் இல்லை என்றால் தாராளமாக வைத்திருக்க விடுங்கள்.

தளம் செய்யாத எங்களுக்கு, ஆய்வுகூடத்திலோ நூலகத்திலோ நெட் கஃபேயிலோ ஒரு பொதுக் கணினியை விட்டு எழும்பும்போது லொக்அவுட் செய்தால் மட்டும் காணாது. பிரவுசர் ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் எழும்ப வேண்டும். தளம் எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டார் என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்துக் கதிரையில் இருக்கப் போகிறவரையும் தெரியாது.